மாமா உரத்து வாசித்த பிரயாணம்

என் மாமனார் முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்தவர். அத்தனை வருடத்தில் ஊராரின் கடிதம் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை என்பது அவருக்குப் பெரிய பெருமை. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டார் என்றுதான் சொல்லவேண்டும். ரொறன்ரோவிலிருந்து நான் அவருடைய மகளுக்கு எழுதிய கடிதங்கள் அத்தனையையும் அவரே பிரித்தார்.

மேலே என் மனைவியின் பெயர்தான் இருக்கும். ஆனால் எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக் கடிதம் என்பது ஒருவருக்கு வருவதல்ல, வீட்டுக்கு வருவது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சின்னக் கத்தியால் ஏரோகிராம் என்ற மடிப்புக் கடிதத்தின் மூன்று பக்கத்தையும் நிதானமாகக் கீறி, கோல் என்ற முன்கூடத்தின் நடுவில் இருந்துகொண்டு உரத்து வாசிப்பார். மாமி, மாமாவின் தங்கை, பக்கத்து வீட்டார் எல்லாரும் கதிரைகளில் இருப்பார்கள். என் மனைவி குசினி வாசலில் அகப்பையோடு நின்று கேட்பாள். “கடிதம் கிடைத்தது. அப்பா வாசித்தார். எல்லோரும் கேட்டோம்” என்று அவளுடைய பதில் தொடங்கும். அந்தப் பதிலையும் மாமாதான் ஒட்டித் தபாலில் போடுவார். ஒட்டுமுன் வாசித்திருப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்தது பதினொரு கிழமை, மூன்று மாதம்கூட இல்லை. எண்பத்து மூன்று யூலைக் கலவரத்தில் கொழும்பில் இருந்த வேலையும் மாற்றுடுப்பும் போய், கப்பலில் ஊருக்கு வந்து சேர்ந்தேன். அந்த வருடக் கடைசியில் கல்யாணம். மாசி மாதப் பனிக்குள் ரொறன்ரோவில் வந்து இறங்கினேன். பதினொரு கிழமையில் ஒரு மனுசியை எவ்வளவு தெரிந்துகொள்ளலாம்? தேத்தண்ணீருக்கு அவளுக்குச் சீனி கூட வேண்டும். சிரிக்கும்போது வாயைப் பொத்துவாள். இருட்டில் கதைக்கும்போதுதான் என்னை நேராகப் பார்த்துக் கதைப்பாள். இவ்வளவுதான் என் கையிருப்பு. இதை வைத்துக்கொண்டு ஒரு கோல் நிறைந்த சனத்துக்கு முன்னால் வாசிக்கப்படும் கடிதத்தில் நான் என்ன எழுதுவது? “சுகம், சுகமறிய ஆவல். இங்கு பனி. மாமாவின் கால் நோ எப்படி?” என்று எழுதினேன். இரண்டு வருடம் அப்படியே எழுதினேன்.

அந்த நாளில் ஊருக்குப் போகும் கடிதம் இரண்டு காவலைத் தாண்டவேண்டும். ஒன்று ஆமி, மற்றது மாமா. ஆமிக்குப் பயந்து சனம் எல்லாவற்றையும் மறைத்து எழுதப் பழகியிருந்தது. “இங்கு நல்ல மழை” என்றால் ஷெல் விழுகிறது. “சின்னையாவுக்கு வருத்தம் கூடி ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள்” என்றால் யாரையோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். “மாப்பிள்ளை சரிவந்துவிட்டது” என்றால் வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்ற் கிடைத்துவிட்டான். மழையை மழை என்று எழுதினால்கூட நம்ப ஆளில்லை. இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டே நான் செய்த மடைத்தனத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

மோர்னிங்சைட்டில் ஓர் அண்ணையோடு அறை ஒன்றைப் பங்குபோட்டு இருந்தேன். அவர் ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வருவார். நான் பஸ் பிடித்து ஒரு பிளாசாவுக்குப் போய்க் கடைகளைக் கூட்டித் துடைப்பேன். அங்கே ஒரு சிறிய பிரயாண முகவர் கந்தோர் இருந்தது. முதலாளி ஒரு ஹங்கேரிக்காரி. ஐம்பதுகளில் தன் நாட்டு எல்லையை நடந்தே கடந்து வந்தவள். ஒரு நாள் தட்டச்சுக்காரப் பெண் வரவில்லை என்று அவள் புகையும் கோபமுமாய் நிற்க, எனக்குத் தட்டச்சுத் தெரியும் என்று சொன்னேன். தும்புத்தடியோடு நின்றவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்துவிட்டாள். கொழும்பில் கப்பல் கொம்பனியில் ஆறு வருடம் அடித்த கை. அன்றிலிருந்து நான் கந்தோர் ஆள்.

ஒவ்வொரு மே மாதமும் அவள் ரொறன்ரோவிலிருந்து பதினாறு பேரைப் பெரு நாட்டுக்கு அழைத்துப்போவாள். இன்கா மக்கள் கட்டிவிட்டுப்போன நகரங்களின் இடிபாடுகளைத் தானே வழிகாட்டியாக நின்று காட்டும் பதினொரு நாள் பயணம். ஓய்வு பெற்ற ஆசிரியைகள், தாதிமார், ஒரு பல் வைத்தியர் என்று வருபவர்கள் எல்லாரும் வசதியான கிழடுகள். அவர்களுக்குக் கொடுக்கும் நாளொழுங்கை அவள் புகைத்தபடி சொல்ல நான் அடிப்பேன். வழியில் சொல்லும் விளக்கங்களையும் அடிப்பேன். சாந்து இல்லாமல் அடுக்கிய சுவர், கத்தி நுனிகூட உள்ளே போகாது. குஸ்கோ நகரத் தெருவில் பன்னிரண்டு மூலை வெட்டிய ஒரு கல், ஒவ்வொரு மூலைக்கும் பக்கத்துக் கல் இடம் விட்டிருக்கிறது. மச்சு பிச்சுவில் கூரை போன வீடுகள், யன்னல் மட்டும் மிச்சம், யன்னலுக்குள் மலை. நான் போகாத ஊரின் தெருவெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது.

போகவும் முடியாது. என் கையில் அப்போது இருந்தது அமைச்சரின் அனுமதித் தாள் மட்டும். அதை வைத்து வேலை செய்யலாம், வரி கட்டலாம். நாட்டைவிட்டு வெளியே காலை வைத்தால் திரும்பி உள்ளே வரமுடியாது. மனைவியைக் கூப்பிடவும் அந்தத் தாள் போதாது.

எண்பத்தாறு வசந்தத்தில் ஒரு மத்தியானம், முதலாம் நாளை அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தப் பதினாறு கிழடுகளுக்கு நடுவில் அவளை இருத்திப் பார்த்துவிட்டேன். விமானத்தில் யன்னல் பக்கம் அவள், பக்கத்தில் நான். சாப்பாட்டு நேரத்தில் ஓர் ஏரோகிராமை எடுத்து அந்த முதலாம் நாளை அப்படியே தமிழில் எழுதினேன். எழுதும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதாகவே இருந்தது. ஆனால் மாமா வாசிப்பாரே! ஆகவே கையைப் பிடித்த இடமெல்லாம் வெட்டிவிட்டு, கந்தோர் அறிவித்தல் மாதிரி ஆக்கினேன். என்ன எழுதினேன் என்று இன்றும் பாடம்:

“எங்கள் ஒழுங்கு ஒன்றை எழுதுகிறேன், கவனமாக வாசிக்கவும். முதலாம் நாள் லிமா. இறங்கியதும் வெளி வாசலில் பச்சைச் சட்டைக்காரர் நிற்பார். பெட்டியை அவரிடம் மட்டும் கொடுக்கவேண்டும். பாஸ்போட் இடுப்போடு இருக்கவேண்டும். தண்ணீர் போத்தலில் இருப்பதை மட்டும் குடிக்கவும். இரண்டாம் நாள் அதிகாலை குஸ்கோவுக்கு விமானம். அன்றைக்கு மூச்சு வாங்கும், பயப்படத் தேவையில்லை, படுத்திருந்தால் சரிவரும்.”

மூச்சு வாங்குவது மலையின் உயரத்தால். அதை எழுத மறந்துவிட்டேன்.

அதன் பிறகு மாதத்துக்கு ஒரு நாளாக எழுதினேன். சந்தைக்குப் போகும் நாள், கோட்டைச் சுவர் பார்க்கும் நாள், மச்சு பிச்சுவுக்கு ரயிலேறும் நாள். இடதுபக்கத்து ஆசனம் பிடிக்கவேண்டும், ஆறு அந்தப் பக்கம்தான் கூடவரும் என்று எழுதினேன். இரவில் நன்றாகக் குளிரும், கம்பளி இரண்டு கேட்டு வாங்கவேண்டும் என்று எழுதினேன். குளிரும் என்று எழுதிய இடத்தில் நான் அவளுக்குச் சொன்னது வேறு. அதைச் சொல்ல எனக்கு இந்த வயதிலும் கூச்சமாக இருக்கிறது.

அவளுக்கு விளங்குகிறதா என்று தெரியாமல் தவித்தேன். ஒரு பதிலில், வழக்கமான சுகசெய்திகளுக்குக் கீழே, “இடதுபக்கம் இருந்தால் காலை வெயில் முகத்தில் அடிக்காதா? கேட்டு எழுதவும்” என்று ஒரு வரி இருந்தது. அந்த ஏரோகிராமோடு ஓடிப்போய் முதலாளியம்மாவிடம் கேட்டேன். “காலையில் பள்ளத்தாக்குக்குள் வெயில் வரவே நேரமாகும்” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் கிழமை முழுக்க நான் பஸ்ஸில் தரிப்பைத் தவறவிட்டபடி இருந்தேன்.

கடிதத்தின் அடியில் மாமாவும் இரண்டு வரி சேர்ப்பார். “ஒழுங்கு நன்கு விளங்குகிறது. அடுத்த நாளைத் தாமதமின்றி எழுதவும். அயலவரும் ஆவலாக உள்ளனர்.” மருமகனின் எழுத்தை மெச்சுகிறார் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். அறையில் இருந்த அண்ணைக்கும் காட்டினேன். “உமக்கு எழுத்து வரும் ஐசே, பேப்பருக்கு அனுப்பும்” என்றார் அவர்.

எண்பத்தேழு மே மாதம், முதலாளியம்மா புறப்படவிருந்த கிழமை, ஒரு திங்கட்கிழமை காலை எனக்கு ஒரு தந்தி வந்தது. மாமாவிடமிருந்து. தபாலதிபர் அல்லவா, சொல்லை வீணாக்கமாட்டார். ஆங்கிலத்தில் மூன்றே சொல்: டே வன் டியூஸ்டே. முதலாம் நாள், செவ்வாய்க்கிழமை. தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. யாராவது செத்துப்போய்விட்டார்களோ என்று பயந்து, தந்தியைக் கந்தோருக்கே கொண்டுபோனேன்.

முதலாளியம்மா வாங்கிப் பார்த்தாள். “செவ்வாய் இல்லையே. இந்த முறை நாங்கள் லிமாவில் இறங்குவது வெள்ளிக்கிழமை. யார் இவருக்குச் செவ்வாய் என்று சொன்னது?”

அவள் கேட்டு முடிக்கமுன்னர் என் முதல் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. முதலாம் நாள். பச்சைச் சட்டைக்காரர் நிற்பார். பெட்டியை அவரிடம் மட்டும் கொடுக்கவேண்டும். கவனமாக வாசிக்கவும்! பன்னிரண்டு மாதமாக அந்தக் கோலில் இருந்த அத்தனை பேரும் அதை என்னவென்று கேட்டிருக்கிறார்கள் என்பது அந்த நிமிடத்தில்தான் என் மண்டையில் ஏறியது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடித்துவிட்டேன். நான் வழி எழுதியிருக்கிறேன். ரொறன்ரோவுக்கு ஆள் கொண்டுவரும் வழி. மாமா தன் மகளை அந்த வழியில் ஏற்றிவிட்டார். நாளைக்கு அவள் லிமாவில் இறங்கப்போகிறாள். நாளைக்கு அங்கே ஒரு பச்சைச் சட்டையும் நிற்காது.

அதை அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த நான் பட்ட பாடு! கடிதத்தை ஏன் மாமா வாசிக்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அவள் சிரிக்கவில்லை. எல்லையைக் கால்நடையாகக் கடந்தவளுக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. சிகரெட்டை அணைத்துவிட்டு, “டெலெக்ஸில் போய் இரு” என்றாள். லிமாவில் அவளுடைய குழுக்களை ஏற்றி இறக்கும் சாரதிதான் அந்தப் பச்சைச் சட்டைக்காரர். அவருக்கு அவள் சொல்லச் சொல்ல அந்தச் செய்தி இயந்திரத்தில் நான் அடித்தேன். செவ்வாய் முழுக்க வாசலில் நிற்கவும். பச்சைச் சட்டை கட்டாயம். சேலை கட்டிய பெண். என்ன உயரம் என்று கேட்டாள். என் தோளுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தேன், சரியாக ஞாபகம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் சாப்பிடவில்லை. பின்னேரம் டெலெக்ஸ் கடகடவென்று அடித்தது. பெண் வந்துவிட்டாள், ஹோட்டலில் இருக்கிறாள், இரண்டாம் நாள் எப்போது என்று கேட்கிறாள். முதலாளியம்மா தொலைபேசியைச் சுழற்றி, ஹோட்டலைப் பிடித்து, என் கையில் தந்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

“வந்திட்டீரே?” என்றேன். மூன்று வருடத்துக்கு மேலாகச் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியாக வந்தது.

“ஓம்.”

“சாப்பிட்டீரே?”

“ஓம். அந்தப் பச்சைச் சட்டைக்காரர் நல்ல மனுசன். தண்ணிப் போத்தில் வாங்கித் தந்தவர்.” பிறகு, “நீங்கள் எந்த நாள் வாறியள்?” என்று கேட்டாள்.

நான் வரமுடியாது என்று சொன்னேன். தாளைப் பற்றிச் சொன்னேன். வெளிக்கிட்டால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள், பிறகு உம்மையும் கூப்பிட ஏலாது என்றேன்.

“அப்ப உதெல்லாம் நான் தனியவோ பாக்கிறது?” என்றாள்.

அந்தக் கேள்வியை நான் அப்போது சரியாகக் கேட்கவில்லை. குற்ற உணர்ச்சியில் செவி அடைத்திருந்தது. முதலாளியம்மா வெள்ளிக்கிழமை வருவா, அதுவரைக்கும் அறையைவிட்டு வெளிக்கிட வேண்டாம், பாஸ்போட் பத்திரம் என்று புத்திமதி சொல்லி வைத்துவிட்டேன்.

பதினாறு பேரில் ஒரு கிழவர் இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த இடம் காலி. “ஹோட்டல் அறையில் ஒரு பெண்ணைப் பதினொரு நாள் பூட்டிவைக்க என்னால் முடியாது. கூட்டிக்கொண்டு போகிறேன்” என்றாள் முதலாளியம்மா. பிறகு, “அவளுக்கு ஒரு கடிதம் எழுதித் தா. நான் கையில் கொடுக்கிறேன். ஒருவரும் பிரிக்கமாட்டார்கள்” என்றாள்.

ஒருவரும் பிரிக்காத கடிதம்! கல்யாணமான நாளிலிருந்து நான் ஏங்கியது அதற்குத்தான். புறப்படுவதற்கு முதல் நாள் டோனட் கடை ஒன்றில் நல்ல தாளும் புதுப் பேனையுமாக இருந்தேன். மூன்று கோப்பி ஆறிப்போனது. எழுதி முடித்துப் பார்த்தால், “இரண்டாம் நாள் படுத்திருக்கவும். மலைப்பாதையில் செருப்போடு நடக்கவேண்டாம், யாரிடமாவது சப்பாத்துக் கேட்டு வாங்கவும். மாமாவின் கால் நோ எப்படி?” என்று இருந்தது. வேறொன்றும் வரவில்லை. மாமா ஏழு கடலுக்கு அப்பால் இருக்க, அவர் கண்ணாடி என் தோளுக்குப் பின்னால் நின்றது. என் கையை நானே வெறுத்தேன். ஆனாலும் அதைத்தான் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பதினொரு நாளும் நான் ரொறன்ரோவில் இருந்தேன் என்று சொல்லமுடியாது. நாளொழுங்கின் பிரதி சட்டைப்பையில் இருந்தது. மோர்னிங்சைட் பஸ்ஸுக்கு நிற்கும்போது இப்போது அவர்கள் காலைச் சாப்பாடு என்று தெரியும். கந்தோரில் தொலைபேசி எடுக்கும்போது இப்போது அந்தப் பன்னிரண்டு மூலைக் கல்லுக்கு முன்னால் நிற்கிறாள் என்று தெரியும். ரயில் நாளன்று விடியப்புறமே எழும்பிக் கட்டிலில் இருந்தேன். அண்ணை கண்ணைத் திறந்து, “என்ன ஐசே?” என்றார். “ரயில் வெளிக்கிடுது அண்ணை” என்றேன். மனுசன் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த இடங்களை அவளுக்குக் காட்ட வேண்டியவன் நான். யாரோ பதினைந்து பேர் அவளோடு நிற்கிறார்கள்.

யானை போன பிறகு மணியோசை வருவதுபோல, மாமாவின் நீண்ட கடிதம் அந்த நாட்களில்தான் வந்துசேர்ந்தது. என் கடிதங்களை அயலில் நாலைந்து வீட்டார் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்களாம். மூச்சு வாங்கும் என்றால் விமான நிலையத்தில் கடும் சோதனை என்று அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள். கம்பளி இரண்டு என்பது நல்லதும் கள்ளமுமாய்ச் சோடிப் பாஸ்போட்டாம். மாமா மகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போய், ஒரு ஏஜென்றிடம், “லிமா வரைக்கும் நீர் கொண்டுபோய் விடும். அங்காலை என்ரை மருமகன் எல்லாம் வடிவாச் செய்து வைச்சிருக்கிறார்” என்று சொல்லியிருக்கிறார். பாதி வேலை மிச்சமென்று ஏஜென்றுக்குப் புளுகம், ஒரே சந்தோசம். இனி யாரும் அந்த வழியில் வரவேண்டாம், அது அடைபட்டுவிட்டது என்று அன்றைக்கே தந்தி அடித்தேன். உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். மாமா கண்ணை மூடும்வரை என்னைக் கெட்டிக்காரன் என்றே நம்பியிருந்தார்.

குழு திரும்பி வந்தது. அவள் வரவில்லை, வர முடியாது. லிமாவில் பச்சைச் சட்டைக்காரரின் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, கனடியத் தூதரகத்தில் மனுவும் கொடுத்துவிட்டு முதலாளியம்மா வந்திருந்தாள். என் மனைவி கொடுத்துவிட்டதாக நாலாக மடித்த ஒரு துண்டைத் தந்தாள். “கடிதம் கிடைத்தது. அப்பா இங்கே இல்லை என்பதை மறந்துவிட்டீர்கள் போலும்” என்று ஒரே வரி. காது சுட்டது எனக்கு.

யூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, முதலாளியம்மா வீட்டு நிலக்கீழ் அறையில் குழுவினர் கூடினார்கள். பயணம் முடிந்தால் எல்லாரும் தாங்கள் எடுத்த ஸ்லைட் படங்களைக் கொண்டுவந்து சுவரில் போட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம். என்னையும் வரச்சொன்னாள். பல் வைத்தியர் விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக மாற்றினார். நான் அடித்து அடித்துப் பாடமாக்கிய ஊர், வரிசை தவறாமல் சுவரில் வந்துகொண்டிருந்தது. கோட்டைச் சுவர். ஒரு கல்லே இந்த அறை அளவு. அதன் அடியில் சின்னதாக ஒரு பெண்.

நீலச் சேலை. காலில் யாரோ ஓர் ஆசிரியையின் வெள்ளைச் சப்பாத்து. மேலே பல் வைத்தியரின் சாம்பல் நிற ஜக்கெட், கை நீண்டு விரலை மூடியிருந்தது. முகத்தைத் திருப்பி யாரையோ பார்க்கிறாள். எனக்கு ஒரு கணம் யார் இது என்று இருந்தது. பிறகுதான் விளங்கியது. நான் அவளுடைய முகத்தைப் பாதி மறந்துவிட்டிருந்தேன். நான் மனதில் வைத்துக் கதைத்துக்கொண்டிருந்த முகம் வேறு, கல்யாணப் படத்தில் பவுடர் போட்ட முகம். இது மெலிந்து, கன்னம் வற்றி, வெயிலில் கறுத்து, என்னைக் கேட்காமல் மூன்று வருடம் மூத்திருந்தது.

அடுத்த படம், அதற்கடுத்த படம். பன்னிரண்டு மூலைக் கல்லை அவள் விரலால் எண்ணுகிறாள். ரயிலில் இடதுபக்கத்தில் இருக்கிறாள், பக்கத்தில் ஓர் ஓய்வு பெற்ற தாதி நித்திரை. மச்சு பிச்சுவில் கூரையில்லாத வீட்டு யன்னலில் முழங்கை ஊன்றிச் சிரிக்கிறாள், வாயைப் பொத்தவில்லை. அந்தச் சிரிப்பு யாருக்கு? படம் எடுத்தவருக்கா? இருட்டில் அந்தத் தாதி, “அந்தப் பகிடி ஞாபகம் இருக்கிறதா?” என்று கேட்க எல்லாரும் சிரித்தார்கள். அவளோடு சேர்ந்து சிரித்தவர்கள். எனக்கு மட்டும் அந்தப் பகிடி தெரியாது. என் மனைவியைப் பதினைந்து அந்நியர் எனக்கு அறிமுகம் செய்துவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவரைப் போய்த் தொடவேண்டும்போல இருந்தது. தொட்டால் என் கையின் நிழல்தான் அவள் மேல் விழும்.

விளக்குப் போட்டதும் பல் வைத்தியர் அந்த யன்னல் படத்தைக் கழற்றி, என் சட்டைப்பையில் போட்டார்.

தூதரகத்தோடு மாரடித்தது கல்லில் நார் உரித்த கதை. முதலாளியம்மா தன் தேவாலயத்துப் பாதிரியாரையும் ஒரு சட்டத்தரணியையும் பிடித்துக் கடிதமாகப் போட்டாள். அந்தப் பதினைந்து பேரும் தனித்தனியாக எழுதினார்கள், நாங்கள் இந்தப் பெண்ணோடு பயணம் செய்தவர்கள் என்று. என் மனைவி லிமாவில் அந்தத் தங்கைக்காரியின் பிள்ளைகளுக்குச் சோறு தீத்திக்கொண்டு, கொஞ்சம் ஸ்பானிஷ் பேசப் பழகிக்கொண்டு காத்திருந்தாள். விசேட அனுமதி கிடைத்து அவள் வந்து இறங்கியது ஐப்பசியில்.

விமான நிலையத்தில் அண்ணை காரோடு நின்றார். அவருக்கு முன்னால் நாங்கள் என்ன கதைப்பது? “பிளேனில சாப்பாடு தந்தவங்களே?” என்று கேட்டேன். அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு ஓட்டினார். அறையை எங்களுக்கு விட்டுவிட்டு அவர் மல்வேர்னில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போனார். அன்றிரவு அவள் களைத்துப்போய்ப் படுத்த உடனேயே நித்திரையாகிவிட்டாள். நான் விடியும்வரை கதிரையில் இருந்தேன்.

காலையில் அவளுக்குக் குளிருக்குக் கோட் வாங்கப் புறப்பட்டோம். பஸ் தரிப்பில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், வேலைக்குப் போகிற எங்கடை ஆட்களும் இருந்தார்கள். என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“உமக்கு ஒண்டு சொல்லோணும்” என்றேன். “நான் எழுதினது வழி இல்லை. கந்தோரிலை அடிக்கிற சுற்றுலா ஒழுங்கு. மாமா பிழையா விளங்கிப்போட்டார். உம்மைத் தெருவிலை விடப் பாத்தன்.”

“தெரியும்” என்றாள்.

“எப்ப தெரியும்?”

“முதல் கடிதத்திலையே. ஆளைக் கடத்துற ஏஜென்ற் தண்ணியைப் போத்திலிலை குடி எண்டு எழுதுவானே? ரயிலிலை எந்தப் பக்கம் இருக்கிறதெண்டு எழுதுவானே?”

“அப்ப மாமாவுக்கு ஏன் சொல்லேல்லை?”

அவள் பஸ் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “ஆசையிலை எழுதினது எண்டு சொல்லியிருந்தால் அப்பா மடிச்சு அலுமாரிக்கை வைச்சிருப்பார். வழி எண்டபடியால்தான் என்னை விட்டவர்.”

“வழி இல்லை எண்டு தெரிஞ்சுகொண்டோ பிளேன் ஏறினனீர்?”

“ஓம்.”

“பயமில்லையே?”

“பயம்தான். வாசலிலை பச்சைச் சட்டையைக் கண்டவுடனை அழுதுபோட்டன்.” சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டாள். பிறகு, இருட்டில் கதைக்கும்போது பார்ப்பதுபோல, அந்த வெளிச்சத்தில், அத்தனை பேருக்கு முன்னால் என்னை நேராகப் பார்த்தாள்.

“உங்கடை முகம் மறந்து போச்சுது. அதுதான் வெளிக்கிட்டனான்.”

“எனக்கும்” என்றேன். தரிப்பில் நின்ற எங்கடை சனம் பார்க்கப் பார்க்க, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.